பழைய .38 வெப்ளிக்கு எந்த டை?

என்னிடம் இருப்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பர்மிங்ஹாமில் செய்த வெப்ளி மார்க் 4 ரிவால்வர். பக்கவாட்டில் 'வார் ஃபினிஷ்' என்று முத்திரை குத்தியிருக்கும். போர் அவசரத்தில் மெருகேற்ற நேரமில்லை, குறை சொல்லாதீர்கள் என்று செய்தவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கட்டைவிரலால் கொண்டியை அழுத்தினால் குழல் முன்பக்கமாகத் தலை கவிழும். நட்சத்திர எஜெக்டர் ஆறு கூடுகளையும் ஒரே தூக்கில் வெளியே தள்ளும். துப்பாக்கியில் குறையொன்றும் இல்லை. அதற்கான தோட்டாதான் தலைவலி. அதை வீட்டிலேயே ஏற்ற எந்த டை, அதாவது கூட்டை வடிவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சு, வாங்குவது என்பதுதான் இங்கே பேச்சு.

இது சுடுவது .38 ஸ்மித்-வெசன் தோட்டா. 1870-களில் அமெரிக்காவில் பிறந்தது. முதல் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவம், .455 ரிவால்வரின் உதைப்பு புதிதாகச் சேர்பவர்களுக்கு அதிகம் என்று முடிவு செய்து, இந்தச் சின்ன அமெரிக்கக் கூட்டை எடுத்து 200 கிரெயின், அதாவது சுமார் 13 கிராம், ஈயக் குண்டு வைத்துத் தன் தோட்டாவாக்கிக்கொண்டது. துப்பாக்கியை வடிவமைக்க உதவிய வெப்ளி நிறுவனத்தை ஓரங்கட்டிவிட்டு என்ஃபீல்ட் அரசுத் தொழிற்சாலையிலேயே 'நம்பர் 2' என்று ஒன்றைச் செய்துகொண்டார்கள் (1932). போர் வந்து என்ஃபீல்டால் ஈடுகொடுக்க முடியாமல் போனதும் அதே வெப்ளியிடம் போய் மார்க் 4 வாங்கினார்கள். அரசாங்கங்கள் எப்போதும் இப்படித்தான்.

அமெரிக்கக் கம்பெனிகள் இன்றும் இந்தத் தோட்டாவைச் செய்கின்றன. ஆனால் பெரும்பாலும் 145, 146 கிரெயின் குண்டுதான் கிடைக்கும். கடைகளில் வருவதும் எப்போதாவதுதான், வந்தால் விலை .38 ஸ்பெஷலைவிடக் கூடுதல். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. வெப்ளியின் முன்குறி நிலையானது, 200 கிரெயின் குண்டுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தது. எடை குறைந்த குண்டு இலக்குக்குக் கீழேதான் போய் விழும். குறி வைத்த இடத்தில் பட வேண்டுமென்றால் 200 கிரெயின் குண்டை நாமே ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் இருப்பது டெக்சாஸ். இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா ஏற்ற உரிமம் தேவையில்லை. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரிலிருந்து படிப்பவர்கள் இதை வாசிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரீலோடிங் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சுட்ட பித்தளைக் கூடு சேம்பருக்குள் (சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளை) உப்பிவிடும். முதல் டை அதை மறுபடி ஒடுக்கி, பழைய பிரைமரையும் (கூட்டின் அடியில் நெருப்பு மூட்டும் சின்னக் குப்பி) தள்ளிவிடும். இரண்டாவது டைக்குள் இருக்கும் எக்ஸ்பாண்டர் என்கிற உருளைத் தண்டு கூட்டின் வாயை உள்ளிருந்து சற்று விரித்து, விளிம்பை மலர்த்தும். மூன்றாவது டை குண்டை அமர்த்தி, வாயை லேசாக உள்நோக்கி மடிக்கும். அந்த மடிப்புக்குப் பெயர் கிரிம்ப். மூன்றும் ப்ரெஸ்ஸில், அதாவது கைநெம்பால் அழுத்தும் கருவியில், திருகிப் பொருத்துகிற எஃகு உருளைகள். 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை என்பது பொது அளவு என்பதால் எந்தக் கம்பெனி டையும் பெரும்பாலும் எந்தக் கம்பெனி ப்ரெஸ்ஸிலும் ஏறிவிடும்.

பெயரில் '.38' இருப்பதால் கையிலிருக்கும் .38 ஸ்பெஷல் டையே போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது. ஸ்பெஷலின் கூடு .379 அங்குலம் விட்டம், 1.155 நீளம். நம்முடையது அடிப்பக்கம் .3865 விட்டம், .775 நீளம். (இனி எல்லா அளவும் அங்குலத்தில்தான், இந்தத் தொழிலில் மில்லிமீட்டரில் பேச ஆளில்லை.) ஸ்பெஷலின் ஒடுக்கும் டை நம் கூட்டைத் தேவைக்கு மேல் நசுக்கும். பித்தளை நாலு தடவை அப்படி நசுங்கி உப்பினால் வாய் கிழியும். அமர்த்தும் டையோ இன்னும் மோசம். அதன் கிரிம்ப் விளிம்பு நீளமான கூட்டுக்கென்று மேலே இருக்கிறது, நம் குட்டைக் கூட்டின் வாய் அதை எட்டவே எட்டாது. இரண்டுக்கும் பொதுவானது ரிம், அதாவது கூட்டின் அடி விளிம்பு, மட்டும்தான், இரண்டிலும் .440. அதனால் அந்த விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டர் செலவு மிச்சம்.

கூட்டுக்கும் இதே கதைதான். ஸ்பெஷல் கூட்டை வெட்டிக் குட்டையாக்கிப் போடுவோர் உண்டு. அது சேம்பரில் தொளதொளவென்று கிடந்து, சுட்டதும் அடியில் உப்பிப் பிளக்கும். போருக்குப் பிறகு அமெரிக்கா வந்த ஸ்மித்-வெசன் விக்டரி ரிவால்வர்கள் பலவற்றின் சேம்பரை .38 ஸ்பெஷல் நீளத்துக்குக் குடைந்து விற்றார்கள். அவற்றில் ஸ்பெஷல் போட்டுச் சுட்டவர்களுக்கு இந்தப் பிளவு பழகிப்போன காட்சி. ஸ்டார்லைன் கம்பெனி சரியான .38 ஸ்மித்-வெசன் கூடுகளைப் புதிதாகச் செய்து விற்கிறது. நான் அதைத்தான் வாங்கினேன். பழைய பிரிட்டிஷ் ராணுவக் கூடுகள் பெர்டான் பிரைமர் கொண்டவை. நடுவில் ஒற்றைத் துளை இல்லாததால் சாதாரண டையின் ஊசி அவற்றில் வேலை செய்யாது.

டை வாங்குமுன் துப்பாக்கியை அளந்தாக வேண்டும். .38 ஸ்மித்-வெசன் குண்டு .361 என்று புத்தகம் சொல்லும். ஆனால் நூறாண்டுக்கு மேல், பல நாடுகளில், பல தொழிற்சாலைகளில் செய்த துப்பாக்கிகள் இவை. .359-லும் இருக்கும், .363-லும் இருக்கும்.

குழலை அளக்க, தூய ஈய உருண்டை ஒன்றை எண்ணெய் தடவிய குழலுக்குள் பித்தளைக் கோலால் தட்டித் தள்ளினேன். குழல் கவிழ்ந்து பின்பக்கம் திறந்து கிடப்பதால் வெப்ளியில் இது சுலபம். மறுமுனையில் உருண்டை துணிமேல் விழும். அதன் மேல் ரைஃப்ளிங் வரிகள் (குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டிய பள்ளங்கள்) அச்சுப்போல் பதிந்திருக்கும். அடுத்த சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வெப்ளியின் குழலில் பள்ளங்கள் ஏழு. ஒற்றைப்படை. ஒரு பள்ளத்தின் நேர் எதிரே இன்னொரு பள்ளம் இல்லை, மேடுதான் இருக்கிறது. சாதாரண மைக்ரோமீட்டரின் இரு தாடைகளுக்கு நடுவே வைத்தால் ஒருபோதும் முழு விட்டம் கிடைக்காது. ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் ஒரு எண் வரும், எல்லாமே குறைவாக இருக்கும். இதற்கென்றே மூன்று முனையில் தொடும் மைக்ரோமீட்டர் உண்டு, விலையும் அதற்கேற்ப உண்டு. நான் செய்தது பழைய பட்டறை வித்தை: .002 தடிமன் பித்தளைத் தகட்டை மெல்லிய பட்டையாக வெட்டி ஈயத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, அதன் மேல் அளந்து, தகட்டின் தடிமனை இரண்டு மடங்காகக் கழித்தேன். தகடு மேட்டுக்கு மேடு பாலம் போட்டுவிடுவதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே எண். .3605 வந்தது.

சிலிண்டரின் முன்வாய், த்ரோட் என்கிறார்களே, அது இதைவிட முக்கியம். குண்டு குழலுக்குள் நுழையும் முன் அதைத்தான் தாண்டுகிறது. குழலைவிட அது சிறியதாக இருந்தால் குண்டு அங்கேயே இளைத்துப்போய்விடும். பின் கேஜ் என்கிற அளவுக்கம்பிகளைப் போட்டுப் பார்த்தேன். ஆறு வாயிலும் .361 தாராளமாக நுழைந்தது, .362 நான்கில் நுழையவில்லை. ஆக எனக்கு வேண்டியது .361 குண்டு. மென்மையான ஈயம், 200 கிரெயின், உருண்டை மூக்கு.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி, எந்த டை செட் இந்தக் குண்டை .361-ஆகவே கூட்டுக்குள் இறக்கி வைக்கும் என்பது. கடைக்காரர் இதற்குப் பதில் சொல்லமாட்டார், பெட்டியிலும் எழுதியிருக்காது.

புதிதாக ஒரு கார்பைடு (மசகு தேவைப்படாத கடின வளையம் வைத்த) மூன்று-டை செட் வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். மற்றவர்களின் செட்டிலும் இதே குணத்தைப் பார்த்திருக்கிறேன். ஒடுக்கும் டையில் கூடு .379-க்கு வந்தது. கூட்டின் சுவர் பக்கத்துக்கு .012 என்று வைத்தால் உள்விட்டம் சுமார் .355. சரி, எக்ஸ்பாண்டர் அதை விரித்துக் கொடுக்கும் என்று தண்டைக் கழற்றி அளந்தால் .3565. இது .357, .358 குண்டுக்குச் செய்த தண்டு. ஸ்பெஷலுக்குச் செய்ததையே இதிலும் போட்டு அனுப்புகிறார்கள் என்று நினைக்கிறேன். அதிகம் விற்காத அளவுக்குத் தனியாகத் தண்டு கடைய யாருக்குப் பொறுமை?

என்ன ஆகும் என்று பார்க்க, பிரைமரும் வெடிமருந்தும் இல்லாத வெற்றுக் கூட்டில் ஒரு .361 குண்டை அந்தச் செட்டாலேயே அமர்த்தினேன். வெளியே பார்க்க லட்சணமாக இருந்தது. குண்டின் அடி எங்கே முடிகிறது என்று கூட்டின் இடுப்பில் ஒரு வளையம் மட்டும் புடைத்துத் தெரிந்தது. சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லரில் மாட்டி மரக்கட்டையில் தட்டினேன். கனமான குண்டு, இரண்டு தட்டில் வெளியே வந்துவிட்டது. அடிப்பக்கத்தை மைக்ரோமீட்டரில் வைத்தால் .3585. பித்தளை ஈயத்தைப் பிழிந்திருக்கிறது. இந்தக் குண்டு .3605 குழலில் போனால் ஓரமெல்லாம் வாயு கசியும், ஈயம் உருகிக் குழலில் அப்பும், குறியும் தவறும். ஆளோ ஈயம் சரியில்லை, மருந்து சரியில்லை, துப்பாக்கி தேய்ந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார். .361 குண்டை விலை கொடுத்து வாங்கி .358 ஆக்கிச் சுடுவது இந்தத் தோட்டாவில் மிகச் சாதாரணமாக நடக்கிறது.

மாற்று என்னவென்று தேடியதில் முதலில் கிடைத்தது மக்காரோவ் யோசனை. 9 மில்லிமீட்டர் மக்காரோவ் என்ற ரஷ்யப் பிஸ்டல் தோட்டாவின் கூடும் குட்டை, குண்டு .365. அந்த டை செட்டை இதற்குப் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள். நண்பர் ஒருவரின் செட்டை வாங்கி அளந்தேன். ஒடுக்கும் டை நம் பித்தளையைக் குறைவாகவே நோகடிக்கிறது, அது நல்லதுதான். ஆனால் எக்ஸ்பாண்டர் .362. நம் குண்டைவிடப் பெரிய தண்டால் விரித்தால் வாய் எதைப் பிடிக்கும்? விரலால் அழுத்தினாலே குண்டு உள்ளே இறங்கியது. ரிவால்வரில் இது ஆபத்து.

துப்பாக்கிச் சந்தைகளில் கிடைக்கும் பழைய எஃகு டைகளையும் பார்த்தேன். லைமன், ஆர்சிபிஎஸ், பசிபிக் என்று மூலையில் மரப்பெட்டியில் கிடக்கும். பழைய டைகளில் எக்ஸ்பாண்டர் சில சமயம் தடிமனாகவே இருக்கும், ஈயக் குண்டு மட்டுமே புழங்கிய காலத்தது. ஆனால் கார்பைடு வளையம் இல்லாததால் ஒவ்வொரு கூட்டுக்கும் மசகு தடவித் துடைக்க வேண்டும். உள்ளே துரு பிடித்திருந்தால் ஒவ்வொரு கூட்டிலும் கீறல் விழும். வாங்குவதென்றால் சட்டைப்பையில் காலிப்பர் இருக்கட்டும். எக்ஸ்பாண்டரைத் திருகிக் கழற்றி அங்கேயே அளந்து பாருங்கள், விற்பவர் முறைத்தால் முறைக்கட்டும். ஒஹாயோவில் மவுண்ட் வெர்னனில் இருக்கும் சிஎச்4டி, வழக்கொழிந்த தோட்டாக்களுக்கென்றே டை கடைந்து தரும் கம்பெனி. 8 மில்லிமீட்டர் நம்பூ மாதிரி ஏதாவது வைத்திருப்பவர்களுக்கு அவர்கள்தான் கதி. என் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை.

கடைசியில் வாங்கிய கார்பைடு செட்டையே வைத்துக்கொண்டு எக்ஸ்பாண்டரை மட்டும் மாற்றினேன். என்ஓஇ என்ற குண்டு அச்சுக் கம்பெனி, லீ கம்பெனியின் பொது எக்ஸ்பாண்டர் டைக்குள் போடுகிற மாதிரி பல அளவுகளில் தண்டு விற்கிறது. தண்டுக்கு இரண்டு படி. கீழ்ப்படி கூட்டை உள்ளே விரிக்கும். மேல்படி வாயில் மட்டும் குண்டைவிடச் சற்று அகலமான சின்ன மேடை போட்டுக் கொடுக்கும். சாதாரணத் தண்டு வாயைப் புனல்போல் மலர்த்துவதால் குண்டு அதில் சாய்ந்து நிற்கும். இந்த மேடையில் நேராக நிற்கும். லைமனின் எம்-டையும் இதே ஏற்பாடுதான். நான் எடுத்தது கீழே .359, மேலே .363. குண்டுக்கும் தண்டுக்கும் .002 வித்தியாசம் இருந்தால் பிடிமானமும் இருக்கும், குண்டும் நசுங்காது என்பது கணக்கு.

மறுபடி வெற்றுக் கூடு, மறுபடி புல்லர். வெளியே வந்த குண்டின் அடி .3608. இடுப்பில் அந்தப் புடைத்த வளையமும் மறைந்துவிட்டது.

ஒடுக்கும் டையையும் முழுக்க இறக்குவதில்லை. குண்டு உட்காரும் ஆழத்துக்குக் கொஞ்சம் கீழே வரை மட்டும் ஒடுக்கும்படி மேலே தூக்கி வைத்துப் பூட்டினேன். கூட்டின் அடி என் சேம்பரின் வடிவத்திலேயே இருந்துவிடும், பித்தளைக்கும் ஆயுள். இப்படி ஒடுக்கிய ஒவ்வொரு கூட்டையும் ஆறு சேம்பரிலும் போட்டுப் பார்த்துத்தான் அடுத்த வேலை. வேறு துப்பாக்கிக்கு இந்தக் கூடுகள் நுழையாமல் போகலாம் என்பதால் பெட்டியில் 'வெப்ளி மட்டும்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அமர்த்தும் டையில் ஒரு சின்ன வேலை இருந்தது. அதன் உள்தண்டு 146 கிரெயின் குண்டின் மூக்குக்கு ஏற்பக் குடைந்தது. 200 கிரெயினின் நீண்ட மூக்கில் அது விளிம்பால் மட்டும் தொட்டு, மென்மையான ஈயத்தில் வட்டமாக ஒரு வெட்டு போட்டது. தண்டின் குழியைத் துடைத்து எபாக்சி நிரப்பி, ஒரு குண்டின் மூக்கில் மெழுகுப் பாலிஷ் தடவி அதில் அழுத்தி, நேராக நிற்கிறதா என்று பார்த்து இரவு முழுக்க விட்டேன். காலையில் குண்டைத் திருகி எடுத்தால் அதன் மூக்குக்கென்றே வார்த்த குழி. பிசிறைச் சுரண்டிவிட்டு, காற்று வெளியேற மெல்லிய ட்ரில்லால் நடுவில் ஒரு துளை. செலவு, வீட்டில் ஏற்கெனவே கிடந்த எபாக்சி.

கிரிம்பைத் தனியாகப் போடுகிறேன். அமர்த்தும்போதே மடித்தால், குண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கையிலேயே வாய் ஈயத்தைக் கடித்துச் சீவும். அதே டைதான், முதல் சுற்றில் உயர்த்தி வைத்து எல்லாவற்றையும் அமர்த்திவிட்டு, இரண்டாம் சுற்றில் உள்தண்டைத் தூக்கிவிட்டு டையை இறக்கி மடிப்பு மட்டும். கடைசியில் எல்லாத் தோட்டாவையும் ஒரே அளவாக்க கார்பைடு வளையம் வைத்த கிரிம்ப் டையும் விற்கிறார்கள். .357 குண்டு போடுகிறவர்களுக்கு அருமையான சாமான். தடித்த குண்டுக்கு ஆகாது: அந்த வளையம் கூட்டோடு சேர்த்து உள்ளே இருக்கும் ஈயத்தையும் ஒடுக்கிவிடும். எக்ஸ்பாண்டரில் சம்பாதித்ததை இங்கே தொலைத்த மாதிரிதான். இரவல் வாங்கி ஒன்றில் சோதித்தேன், குண்டு .3585-க்கே திரும்பிப் போனது.

மருந்து எடை எதையும் இங்கே எழுதமாட்டேன். அச்சிட்ட ரீலோடிங் கையேட்டைப் பாருங்கள், அதில் ஆரம்ப அளவிலிருந்து தொடங்குங்கள். ஒன்று மட்டும்: இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வைத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,500 பவுண்டு. .38 ஸ்பெஷலுக்கே 17,000. அதுவும் கவிழ்ந்து திறக்கும் துப்பாக்கி. குழலைச் சட்டத்தோடு பிடித்திருப்பது ஒரு கீலும் ஒரு கொண்டியும்தான். கூட்டில் குண்டை ஆழமாக இறக்கினாலும் இடம் குறைந்து அழுத்தம் ஏறும். மொத்த நீளம் 1.240-க்கு மேல் போகாமலும் அதற்கு வெகுவாகக் கீழே இறங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுடுதளத்தில் முதலில் செய்தது பிடிமானச் சோதனை. ஐந்தைச் சுட்டுவிட்டு, சுடாத ஆறாவது தோட்டாவின் நீளத்தை அளந்தேன். உதைப்பில் கனமான குண்டு கூட்டிலிருந்து முன்னே நழுவி, சிலிண்டர் வாயைத் தாண்டினால் துப்பாக்கி சுற்றாமல் நின்றுவிடும். நீளம் மாறவில்லை. குண்டுகள் முன்குறியின் உச்சியிலேயே விழுந்தன. 146 கிரெயின் கடைத் தோட்டா அதே தாளில் உள்ளங்கை அகலம் கீழே. குழலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தால் புகைக்கறை இருந்தது, ஈயப் பூச்சு இல்லை. காய்ந்த துணி இரண்டு தடவை போனதும் வரிகள் பளிச்சென்று தெரிந்தன.

செட்டோடு வந்த .3565 தண்டைத் தூக்கிப் போடவில்லை. மக்காரோவ் டை கொடுத்த அதே நண்பரிடம் ஒரு ஸ்மித்-வெசன் டெரியர் இருக்கிறது, ஐந்து குண்டுக் குட்டை ரிவால்வர், தோட்டா இதே தோட்டாதான். அதன் த்ரோட்டை அளந்தோம்: .359. அவருக்கு .359 குண்டுதான், அதற்கு இந்தத் தண்டே பொருந்துகிறது. டை பெட்டியில் இப்போது இரண்டு எக்ஸ்பாண்டர்கள், ஒவ்வொன்றிலும் மார்க்கரில் விட்டமும் துப்பாக்கியின் பெயரும். அவர் வரும் நாளில் ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டினால் போதும்.